பத்தில் ஒரு விரல்

அந்தக் கண்ணாடித் துண்டு ஒரு தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். பாக்கியம் அக்கா அதன் மேல் வலது பெருவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல். சிவப்பு. நடுவிரலை வைக்கும் முன் புடவையில் ஒரு தரம் துடைத்துக்கொண்டார். அதற்கும் சிவப்பு.

பத்து விரலும் முடிந்தது. பத்துக்கும் சிவப்பு.

மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெங்காலிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பொறுமைசாலி. வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு பக்கத்தில் சும்மா நின்ற என்னைப் பார்த்து, "பையா, ஆப் ரக்கோ" என்றாள். கோளாறு மெஷினிலா, கையிலா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

நான் விரலை வைத்தேன். தொட்டதும் பச்சை. திரையில் என் ரேகை பெரிதாக, வரி வரியாக, உழுத வயல் மாதிரி வந்து நின்றது.

"மெஷின் டீக் ஹே" என்றாள். மெஷினில் கோளாறு இல்லை.

அக்கா எட்டி அந்தத் திரையைப் பார்த்தார். "அழகா இருக்கு தம்பி. வேலை செய்யாத கைக்குத்தான் இந்த அழகு வரும்."

வரிசையில் தமிழ் தெரிந்த நாலு பேர் சிரித்தார்கள். அதை யாரோ ஹிந்தியில் எடுத்துச் சொல்ல, மீதிப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் பத்து விரலையும் விரித்து, முன்பின் தெரியாத யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். கணவனை இழந்தவர்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை அவருக்கு வந்துகொண்டிருந்தது. அதை வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, விரல் வைத்து, உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தொகை நின்றுவிடும். கெடு முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. போன வருடம் வரை, கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் மெஷின் ஒன்றில் அக்காவுக்கு வேலை முடிந்ததாம். அது பழுதாகி மெயின்லேண்டுக்குக் கப்பலேறியிருந்தது. முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கிற வழி அப்போது அங்கே வந்திருக்கவில்லை.

போர்ட் பிளேரில் அந்த அறையில், பாக்கியம் அக்கா என்கிற மனுஷி உயிரோடு இருப்பதற்குச் சாட்சி சொல்ல அவருடைய விரல்களே மறுத்துவிட்டன.

எலுமிச்சை செய்த வேலை

பச்சைப் பாக்கு உரிக்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தோலைக் கீறும்போது வடிகிற சாறு முதலில் மஞ்சளாகப் படியும். பிறகு காவி. இரண்டு மூன்று நாளில் கறுப்பு. நகக்கண் வரை ஏறிவிடும். சோப்புக்கு அசையாது.

அந்தக் கையோடு பெரிய இடங்களுக்குப் போகக் கூடாது என்று, போர்ட் பிளேருக்கு வெளியே வண்டூர்ப் பக்கத்துப் பாக்குப் பெண்களுக்கு ஒரு மரியாதை. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்றால் முந்தின நாளே கை வெளுக்க உட்கார்ந்துவிடுவார்கள். எலுமிச்சை மூடியால் தேய்ப்பார்கள். புளியையும் சாம்பலையும் அப்பி ஊற வைப்பார்கள். கடைசியாகச் செங்கல் தூள். பெங்காலி வீட்டிலும் இதுதான், ராஞ்சிப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்து குடியேறியவர்கள் வீட்டிலும் இதுதான். யார் யாரிடம் கற்றார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அரசாங்கத்துக்காக அக்கா முந்தின நாள் மதியம் தொடங்கி வெயில் தாழும் வரை உரசியிருந்தார். காலையில் என் வண்டியில் ஏறும்போது, "பாத்தியா, மேம்சாப் கை மாதிரி இருக்கு" என்று காட்டினார்.

அந்த மரியாதைதான் கெடுத்தது. பாக்கின் நாரும் கத்தியும் வருடக் கணக்கில் ரேகையை அரைத்திருந்தன. மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்ததை எலுமிச்சையும் செங்கலும் வழித்தெடுத்துவிட்டன. மெஷின் பெண் அக்காவின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். நானும் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"தீதி, இப்படிச் சுத்தம் பண்ணலாமா?" என்று ஹிந்தியில் கேட்டாள். திட்டவில்லை. வருத்தமாகத்தான் கேட்டாள். "பதினைந்து நாள் கைக்கு ஆராம் குடுங்க. வேலை எதுவும் வேண்டாம். தோல் வளரும், கோடும் வரும். பத்தில் ஒன்று விழுந்தால் கூடப் போதும்."

"கைக்கு ஆராமா?" என்றார் அக்கா. என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இந்தப் புள்ள என்ன சொல்லுது? கைய எடுத்து அலமாரில வைக்கச் சொல்லுதா?"

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்கள் என்னை ஹேவ்லாக் தீவின் ஒரு ரிசார்ட் சமையலறையில், மீன் செதில் அப்பிய கையோடு விட்டிருந்தீர்கள். அங்கிருந்து ஏன் கிளம்பினேன் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. எந்த இடத்திலும் என் கால் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. ஏழாம் வகுப்பிலும் அப்படித்தான் நிற்கவில்லை.

போர்ட் பிளேரில் ஜபருல்லா பாய் என்று ஒரு பாக்கு வியாபாரி. எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம்தான் பூர்வீகம். தோப்புகளில் பச்சைப் பாக்கு வாங்கி, வீடு வீடாகக் கொடுத்து உரித்து வாங்கி, அவித்துக் காய வைத்துக் கப்பலேற்றுவார். அவருடைய சின்ன லாரியை ஓட்டும் வேலை எனக்கு. காய் மூட்டையை இறக்குவது, உரித்த பாக்கை ஏற்றுவது.

வண்டூரில் கடைசி வீடு பாக்கியம் அக்காவுடையது. தகரக் கூரை, பின்னால் கமுகு, அதற்கும் பின்னால் கடல். கரையில் சுனாமி சாய்த்த மரங்கள் இன்னும் வெளுத்துக் கிடக்கும்.

அக்காவின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அவர்களைக் கச்சால் தீவில் குடிவைத்து ரப்பர் வெட்டச் சொன்னார்கள். அக்கா பிறந்தது அங்கே. கடல் வந்த அன்று அந்தத் தீவில் வீடு, வாசல், பாதி ஊர் எல்லாம் போயின. புருஷனும் அவரும் கைக்குழந்தையோடு மேட்டு மரமொன்றைப் பிடித்துத் தொங்கித் தப்பி, பிறகு வண்டூருக்கு வந்தார்கள். சில வருடம் கழித்துப் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார்.

அந்தக் குழந்தை ரேவதி இப்போது போர்ட் பிளேரில் நர்சிங் படிக்கிறாள். மரைன் ஹில்லில் ஒரு மலையாளி டீச்சர் வீட்டு மாடியில் தங்கல்.

"அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், அவ புத்தகம், எல்லாம் என் பாக்கு பாத்துக்கும்" என்று திரும்பும் வழியில் அக்கா சொன்னார். "ரூம் வாடகை மட்டும் அந்த கவர்மெண்டு பணம். அது நின்னுச்சுன்னா ரூம் போச்சு. ரூம் போச்சுன்னா அவ படிப்பு போச்சு. இங்கருந்து தினம் பஸ் ஏறி, ஆஸ்பத்திரில விடியக்காலை டூட்டிக்கு நிக்க முடியுமா? வந்து எம் பக்கத்துல உக்காந்து பாக்கு உரிப்பா."

கையை மடியில் திருப்பிப் போட்டார்.

"எனக்கு இந்தக் கை போதும் தம்பி. அவளுக்கு இது வேணாம்."

என் அப்பாவின் கை

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். சும்மா கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், ஊர் ஊராகத் திரிந்த நீங்கள் அதைப் பற்றி எழுதக் கூடாதா என்று. அவருக்கு நான் கண்டதைத்தான் எழுத முடியும். கருத்து என்று தனியாக என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் அப்பா உப்பளத்து வேலைக்காரர். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு புயல். உப்பளமெல்லாம் சேறு. பள்ளிக்கூட வாசலில் நிவாரண அரிசி கொடுத்தார்கள். ஊரே வரிசையில் நின்றது. அப்பா போகவில்லை. "நீட்டின கை மடங்காதுடா. ஒரு தரம் நீட்டினா நீட்டிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். எனக்கு அப்போது அவர் ராஜா மாதிரி தெரிந்தார்.

மூன்றாம் நாள் வீட்டில் சோறு பொங்கியது. அம்மா விடிவதற்கு முன்பே பக்கத்து ஊருக்கு நடந்து, அந்த ஊர்க்காரி என்று பொய் சொல்லி, அந்த வரிசையில் நின்று வாங்கி வந்திருந்தார். அப்பா மூன்று கவளம் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

அந்த வயதில் இதைச் சரி, தப்பு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் அப்பாவின் மானத்தைச் சுமந்து ஈரச் சேற்றில் நடந்தது யார் என்று மட்டும் தெரியும்.

எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. ஓரிடத்தில் இருந்தால்தானே ஒரு பட்டியலில் பேர் நிற்கும்? அதனால் உதவித்தொகை வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குள் ஒரு சின்னக் குத்தல் இருக்கும். அது அப்பாவின் ரத்தமா, வெறும் பொறாமையா என்று சொல்ல முடியாது.

மெஷின் கைவிட்டதற்கு மறுநாள், அந்தக் குத்தலோடுதான் அக்காவிடம் பேசினேன். பக்கத்து வீட்டு ஷெஃபாலி, கொல்கத்தா கூடப் பார்க்காத பெங்காலிப் பெண், அக்காவோடு ஒன்றாக உட்கார்ந்து பாக்கு உரிக்கிறவள், "தீதி, பதினைந்து நாள் உன் மூட்டையையும் நானே உரிக்கிறேன். கணக்கு உன் பேரிலேயே இருக்கட்டும்" என்றாள். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

ஷெஃபாலி போன பிறகு கேட்டேன். "அவ ஆசையா செய்யுறேங்குறா, வேணாங்குற. கவர்மெண்டு சும்மா குடுத்தா மட்டும் வாங்கிக்கிற. இது என்ன நியாயம் அக்கா?"

"சும்மாவா குடுக்குது? பதினஞ்சு நாளு கையக் கட்டிக்கிட்டு உக்காருங்குது. இதவிட முஷ்கிலான காம், கஷ்டமான வேலை எதாச்சும் இருந்தா சொல்லு, செய்யுறேன்."

பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஷெஃபாலி செஞ்சா அவ வீட்டு வேலை கெடும். தினம் அவ மூஞ்சில முழிக்கணும். கவர்மெண்டுக்கு மூஞ்சி இல்ல. அது எங்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. உசுரோட இருக்கியா? இருக்கேன்னு சொல்லிட்டு வாங்கிக்கிறேன். எங்கப்பா கச்சால்ல ரப்பர் வெட்டினாரே, அவரு செத்து நாலு நாளைக்கப்புறம் கூட ஆளு வேலைக்கு வரலன்னுதான் எழுதுனானுங்க. உசுரோட இருக்கியான்னு ஒருத்தன் கேக்கல."

 லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்பது

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். அக்காவுக்குக் காய் மூட்டை கொண்டுபோகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பார்க்கவே கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தபடி வண்டியை நிறுத்தினேன்.

உள்ளே கத்திச் சத்தம் கேட்டது. டக், டக்கென்று.

பலகையில் பதித்த வளைந்த கத்தி. அதன் முன்னால் அக்கா. பழைய மிச்சக் காய்களை உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! கையக் கெடுக்காதேன்னு அந்தப் பொண்ணு தலைப்பாடா சொல்லுச்சே!"

"கத்தாத. இங்க பாரு." இடது கையை உயர்த்தினார். மோதிர விரல் மட்டும் துணிச் சுற்றுக்குள் இருந்தது. துணிக்கு மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய உறை. "பத்துல ஒண்ணு விழுந்தாப் போதும்னுதானே சொல்லுச்சு? அப்ப ஒருத்தனுக்கு லீவு குடுத்தாப் போதும்ல? மத்த ஒம்போது பேரும் என்ன பாவம் பண்ணுனாங்க, பட்டினி கெடக்க?"

நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எந்த விரலுக்கு விடுப்பு என்பதை அவர் சும்மா முடிவு செய்யவில்லை. ஒரு பகல் முழுக்க ஒவ்வொரு விரலாக மடக்கி வைத்துக்கொண்டு உரித்துப் பார்த்திருக்கிறார்.

"பெருவிரலும் ஆள்காட்டியும் இல்லன்னா கதையே இல்ல. சுண்டுவிரலு சும்மா நிக்கிறாப்புல இருக்கும். ஆனா காயை அடியில தாங்குறது அதுதான். அத மடக்குனா காய் வழுக்கி ஓடுது. இத்தன வருஷமா உரிக்கிறேன், எனக்கே இது தெரியாது பாரேன். கடைசியில சிக்குனவன் இவன். மோதிரம் போட்டுக்கிறதத் தவிர ஒரு காம் கிடையாது. அந்த மோதிரமும் எப்பவோ போச்சு."

நான் நிறைய வேலைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கப்பலில் கயிறு எறிகிறவர்கள், ஒரே வீச்சில் சூரை மீனைப் பிளக்கிறவர்கள். தன் கையையே முன்னால் விரித்து வைத்து, எந்த விரல் என்ன செய்கிறது என்று ஒரு பகல் விசாரணை நடத்திய ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் அவர்.

முதல் நாட்களில் காய் நழுவியது. நாலு மூட்டை உரிக்கிற நேரத்தில் இரண்டுதான் முடிந்தது. ஒன்பது விரலும் புதிதாக நடை பழக வேண்டியிருந்தது. சுற்றின விரல் பழக்கத்தில் தானாகக் காயைப் பிடிக்க வரும். "இருடா, நீ லீவுல இருக்க" என்று அதட்டி விலக்கிக்கொள்வார். பாத்திரம் கழுவும்போது அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். அரிசி களைவதும் அப்படித்தான். ஷெஃபாலி அதைப் பார்த்து, "நவாப் ஆ கயா", நவாப் வந்தாச்சு, என்று சலாம் போடுவாள். அந்த விரலுக்கு நவாப் என்றே பேர் நிலைத்துவிட்டது.

மூட்டை குறைந்தது ஏன் என்று ஜபருல்லா பாய் கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஒத்த விரல வச்சா அரசாங்கத்த மடக்குறா? எலே, அவளுக்குச் சின்னக் காய் போடாத. பெருவெட்டுக் காயாப் பாத்து இறக்கு. பிடிக்க வசதியா இருக்கும்" என்றார்.

பத்தாவது நாளுக்குள் அக்காவின் வேகம் பழையபடி திரும்பிவிட்டது. ஒன்பது விரலில்.

பையோடு வந்தவள்

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியான பஸ்ஸில் ரேவதி வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. நான் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக உள்ளே போய், பெட்டியைச் சுவரோரம் வைத்து, ஷெஃபாலியின் காலிப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்தாள்.

"வை அத" என்றார் அக்கா.

"ரூம காலி பண்ணிட்டேம்மா."

"காயக் கீழ வைன்னேன்."

"எத்தன நாளைக்கும்மா ஒரு விரலக் கட்டிக்கிட்டு அவங்க முன்னால போய் நிப்ப? அந்தப் பணம் வருமா வராதான்னு நீ பயந்து பயந்து, நான் அங்க கட்டில்ல தூங்கணுமா? காலேஜ்ல எல்லாரும் சொல்றாங்க, சொந்தக் கால்ல நிக்கணும்னு. ரெண்டு பேரும் உரிச்சா யாரு காசும் நமக்கு வேணாம்."

அக்கா கத்திப் பலகையிலிருந்து எழுந்தார். மகளின் கையிலிருந்த காயைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அது ஒருமுறைதான். மகளின் வலது கையைப் பிடித்து விரித்து, தன் கறுத்த கையைப் பக்கத்தில் வைத்தார்.

"இது நரம்பு தேடிப் பிடிச்சு ஊசி போடுற கை. இது பாக்கு உரிக்கிற கை. ரெண்டும் ஒண்ணாடி?"

"நான் அதச் சொல்லலம்மா…"

"சொந்தக் கால்ல நிக்கணுமாம். யாரு வேணாம்னா? கால் நம்மளுதுதான். நிக்கிறதுக்குத் தரை வேணும்ல? கச்சால்ல அன்னிக்குக் காலைல எனக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்கப்பனுக்கும் இருந்துச்சு. தரைதான் போயிருச்சு. உன்னத் தூக்கி வச்சுக்கிட்டு மரத்தப் புடிச்சுத் தொங்குனோம். கால வச்சு என்ன பண்ண?"

ரேவதி அழவில்லை. அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"உனக்கு ஒரு முழம் தரை வாங்கத்தான் இந்த நவாப்ப ஊட்டி வளக்குறேன். நாளன்னிக்கு நீயும் வா. பெட்டியும் வரட்டும்."

நான் மூட்டை கட்டுகிற சணலை எத்தனை முடிச்சுப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அப்பா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தேவைப்படவில்லை.

நவாப் கண்ணாடி மேல் ஏறினார்

இந்த முறை எலுமிச்சை இல்லை. ஒன்பது விரலும் கறுப்பாக, இருந்தபடியே வந்தன. வரிசையில் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தாள். அக்கா கையை மறைக்கவில்லை.

எங்கள் முறை வந்ததும் டியூப் உறையைக் கழற்றினார். துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். கறுத்த கையில் அந்த ஒரு விரல் மட்டும் உரித்த கிழங்கு மாதிரி வெளுத்து நின்றது. மெஷின் பெண் அதைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துவிட்டு, மறுபடி அதைப் பார்த்தாள்.

"சிர்ஃப் ஏக்?"

"ஒண்ணு போதும்னு நீதானே சொன்ன?"

வைத்தார். சிவப்பு.

"தேல் ஹே, தேல்!" என்றாள் அந்தப் பெண். தினமும் தேங்காயெண்ணெய் போட்டு வந்ததில் விரல் வழுக்கியது. துடைத்தார்கள். மறுபடி வைத்தார். சிவப்பு. அந்த அறையில் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. விரல் சில்லிட்டுச் சுருங்கிப் போயிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"மத்த விரல வச்சுப் பாக்கலாமா?" என்றேன்.

"அதுல ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. 

அப்போது ரேவதி முன்னால் வந்தாள். அம்மாவின் விரலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மூடிக்கொண்டாள். மெதுவாக, அடியிலிருந்து நுனிக்கு நீவிவிட்டாள். "நரம்பு கிடைக்காத பேஷன்டுக்கு இப்படித்தான்மா செய்வோம். ரத்தம் ஓடணும்." அவசரப்படவில்லை. வரிசையையும் என்னையும் மறந்து நீவினாள். வெளுத்த விரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அந்த விரலைத் தானே பிடித்துக் கண்ணாடி மேல் வைத்து, ஒரு பூவை வைப்பது மாதிரி அழுத்தினாள்.

பச்சை.

திரையில் அந்த ரேகை வந்தது. நான் இரண்டடி நெருங்கிப் போனேன். யாரும் தடுக்கவில்லை. நடுவில் ஒரு சின்னச் சுழி. அதைச் சுற்றி வளைவுக்கு மேல் வளைவு, அலை பின்வாங்கிய மணல் மாதிரி. வருடங்களுக்கு முன்னால் இவர் பதிந்து கொடுத்த அதே ரேகை இது என்று மெஷின் ஒப்புக்கொண்டுவிட்டது. எத்தனை ஆயிரம் காய், எத்தனை மழைக்காலம், எத்தனை எலுமிச்சை! அத்தனையும் அரைத்த பிறகு, பதினைந்து நாள் விட்டுவைத்ததும் அதே சுழி, அதே வளைவு, ஒரு கோடு கூட மாறாமல் ஏறி வந்திருக்கிறது. இத்தனை காலம் அது எங்கே இருந்தது? யார் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலில் மூன்று நாள் கப்பலில் வந்தபோதுகூட, சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாதபோதுகூட, எனக்கு அப்படி ஆனதில்லை.

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. "உசுரோட இருக்கேன்னு எழுதிக்கிச்சா?" என்று கேட்டார்.

"ஹாங், தீதி. ஹோ கயா."

"அப்ப சலோ. டீச்சரம்மா வேற ஆளுக்கு ரூம குடுத்துறப் போறாங்க."

மரைன் ஹில் மேட்டில் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். அறை காலியாகத்தான் இருந்தது. டீச்சர் சாவியை நீட்டினார். ரேவதி ஜன்னலைத் திறந்தாள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டிருந்தது. அக்கா வாசற்படியோடு நின்றுகொண்டார். உள்ளே வாம்மா என்று மகள் கூப்பிட்டதற்கு, "லோடு கெடக்குடி" என்று மட்டும் சொன்னார்.

மகளை அங்கே விட்டுவிட்டு வண்டூருக்குத் திரும்பினோம். கமுகுத் தோப்புகள் தொடங்கும் இடத்தில், அக்கா மடியிலிருந்து துணியையும் டியூபையும் எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"இனிமே எதுக்கு அக்கா?"

"அடுத்த வருஷமும் கேக்கும்ல?"

இரண்டு சுற்று சுற்றியிருப்பார். கை நின்றது. விரலை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு துணியை அவிழ்த்து, டியூபோடு சேர்த்து ஜன்னல் வழியே எறிந்துவிட்டார்.

"பதினஞ்சு நாளு அவங்களுக்குக் குடுத்தாச்சு. மிச்ச வருஷமெல்லாம் இவன் என் ஆளு."

வீட்டு வாசலில் நான் மூட்டையை இறக்குவதற்குள் அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். முதல் காயின் சாறு அந்த வெள்ளை விரலில் மஞ்சளாக வடிவதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

நாலு நாள் கழித்து லோடு எடுக்கப் போனபோது, அக்கா உரித்துக்கொண்டிருந்தார். நின்று அந்தக் கையையே பார்த்தேன். பத்தும் ஓடிக்கொண்டிருந்தன. எது நவாப் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.